எந்தக் கார் என்று கேட்ட மகளுக்கு

தண்டையார்பேட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. விசாகப்பட்டினத்திலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு உன் மாற்றல் உறுதியாகிவிட்டது என்று அறிந்து நானும் அப்பாவும் அடைந்த மகிழ்ச்சியைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டோம். அதனால் நேராக உன் கேள்விக்கு வருகிறேன். தினமும் வேலைக்குப் போய் வருவதற்கு ஒரு கார் வேண்டும், அது வெறுமனே ஏறி இறங்கும் வண்டியாக இல்லாமல் ஓட்டும்போது மனம் நிறையும் வண்டியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஒரு பக்கம் உன் நண்பர் வழியாக விலைக்கு வந்திருக்கும் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மறுபக்கம் புத்தம் புதிய ஹூண்டாய் ஐ20 என் லைன். கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே அப்பா “ஹெரால்டுதான்” என்று சொல்லிவிட்டார். அந்த வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் அவர் தன் கையால் பிரித்துக் கோத்தவர். அவருக்கு அப்படித்தான் தோன்றும். நான் அதே பட்டறையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பில் எழுதியவள். எந்த வண்டி எத்தனை நாளில் திரும்பி வந்தது, வந்தபோது அதன் சொந்தக்காரர் முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் என் கண்ணெதிரே நடந்தவை. ஆகவே என் கருத்து சற்று வேறாக இருக்கிறது.

முதலில், ஓட்டுவதில் மகிழ்ச்சி வேண்டும் என்று நீ கேட்டதை நான் ஆடம்பரமாக நினைக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாள்தோறும் இவ்வளவு நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கழியப் போகிறது என்னும்போது, அந்த நேரம் உனக்குப் பிடித்தமானதாக இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமானது. ஆனால் அந்த மகிழ்ச்சி எந்த வேகத்தில் கிடைக்கிறது என்று பார்க்காமல் கார் வாங்கக் கூடாது. நீ ஓட்டப்போகும் சாலையை எண்ணிப் பார். நம் தெருவிலிருந்து வெளியேறித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏறினால் மெட்ரோ தூண்களுக்கும் கடைகளுக்கும் இடையே ஊர்ந்துதான் போக வேண்டும். எர்ணாவூரைத் தாண்டிப் பொன்னேரிச் சாலையில் மணலி புதுநகர், நாப்பாளையம், மீஞ்சூர் என்று போகும் வழியெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் முன்னாலும் பின்னாலும் வரும். மாநகரத்துக்குள் காருக்கு வேக வரம்பே மணிக்கு 60 கிலோமீட்டர்தான். பெரும்பாலான நேரம் நீ 40-ஐத் தாண்ட மாட்டாய். 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் உயிர்பெறும் கார் இந்தச் சாலையில் உனக்கு எந்த மகிழ்ச்சியையும் தராது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹெரால்டுக்கு நிகராக ஒன்றும் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்டு நிறுவனம் நம் சென்னையில் தயாரித்தது. தொடக்கத்தில் அதில் இருந்தது 948 சிசி எஞ்சின். அதன் திறன் 40 குதிரைத்திறனை எட்டாது. ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்திலேயே அந்த எஞ்சின் உழைப்பது காதுக்குத் தெரியும், சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வரும், ஒவ்வொரு கியர் மாற்றத்தையும் நீ யோசித்துச் செய்ய வேண்டியிருக்கும். அகலம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். இன்றைய ஐ20 அதைவிடக் கால் மீட்டர் அகலம். முழு வட்டம் திரும்புவதற்கு ஹெரால்டுக்கு சுமார் 7.6 மீட்டர் இடம் போதும் என்பதால், நம் தெருமுனையில் ஆட்டோக்காரர் திரும்பும் இடத்தில் அதுவும் திரும்பிவிடும். கண்ணாடித் தூண்கள் மெல்லியவை. சாலை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பானெட், முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறப்பதால், முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம். அப்பா அப்படி உட்கார்ந்து எஞ்சினின் வால்வு இடைவெளியைச் சரி பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான் அவரை இன்னும் பேச வைக்கிறது.

அதோடு சோழவரமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பிப்ரவரி மாதங்களில் கார் பந்தயம் நடக்கும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை வரும் வரை சென்னையின் பந்தயம் என்றால் சோழவரம்தான். திருமணமான புதிதில் அப்பா என்னை அங்கே அழைத்துப் போனார். வடசென்னைக்காரர்கள் சைக்கிளிலும் லாரியிலும் வந்து வெயிலில் நின்று பார்ப்பார்கள். தெருவில் பார்த்த அதே ஹெரால்டும் ஃபியட்டும் எடை குறைக்கப்பட்டு, எஞ்சின் திருத்தப்பட்டு, முழங்கிக்கொண்டு போவதைக் கண்டபோது எனக்கும் மெய்சிலிர்த்தது உண்மை. அந்தக் கார்களின் மேல் எனக்கு அன்பு இல்லை என்று நீ எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் பட்டறையில் நான் கண்டது இது. ஒரே மாதிரியான ஹெரால்டும் பத்மினியும் வைத்திருந்தவர்களில் இரண்டு வகையினர் இருந்தார்கள். வீட்டில் வேறொரு வண்டியும் வைத்திருந்தவர் பிரேக்கின் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது என்று வந்தால், பாகம் கிடைக்க இரண்டு வாரம் ஆகும் என்று சொன்னாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பார். அந்த ஒரு வண்டியை மட்டுமே நம்பி வேலைக்குப் போனவர் அதே பழுதுக்கு வரும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஓராண்டு கழித்து அந்த வண்டியை விற்றுத் தர ஆள் கேட்பார். பழுதும் ஒன்று, செலவும் ஒன்று. ஆனால் காலை எட்டு மணிக்கு அந்த வண்டி கிளம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. எத்தனையோ பேர் உண்மையாக நேசித்து வாங்கிய காரை இந்தக் கட்டாயத்தாலேயே வெறுத்துப்போனார்கள். நீ ஹெரால்டை வெறுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இனி பாதுகாப்பு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மணலி புதுநகரில் மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடந்து வெளியே வந்ததும் டிரம்முக்குள் ஈரம் புகுந்திருக்கும். பெடலை மெல்ல மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போய் உலர்த்தினால்தான் பிரேக் மீண்டும் பிடிக்கும். அந்தக் கொஞ்ச தூரத்தில் உனக்கு முன்னால் போகும் டிரெய்லர் திடீரென்று நின்றால் என்ன செய்வாய்? அக்காலத்து ஸ்டியரிங் தண்டு மோதலில் மடங்கும்படி செய்யப்பட்டதல்ல. இருக்கையில் தலைத்தாங்கி இல்லை, காற்றுப்பை இல்லை. ஹெரால்டின் பின்சக்கர அமைப்பு, வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரங்கள் உள்ளே மடிந்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிடக்கூடியது. அப்பா இதையெல்லாம் அறிந்தவர். ஓட்டும்போது அதற்கேற்ப இடைவெளி விட்டு ஓட்டுவார். ஆனால் இன்று நீ இடைவெளி விட்டால் அந்த இடத்தில் இரண்டு பைக் வந்து நிற்கும். 2019 முதல் நம் நாட்டில் புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஈரச் சாலையில் பிரேக்கை முழுவதும் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டி உன் கைக்கு அடங்கித் திரும்பும் என்பதே எனக்கு எந்தக் குதிரைத்திறனையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி, பிசுபிசுத்து, ஒரு நாள் வெடித்து ஒழுகும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது என்பதால், நிறுத்தி வைத்த வண்டியின் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டையும் மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கும். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றுபோனபோதே பழைய எஞ்சின்களில் வால்வுகள் அமரும் இடங்கள் தேயத் தொடங்கி, பலருக்குக் கடினமான உலோக வளையம் போட்டுக் கொடுத்தோம். நீ பார்க்கும் வண்டியில் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று அவசியம் கேள். கோடை வெயிலில், போக்குவரத்து நெரிசலில், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுபோவதும் உண்டு. பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஓட்டுநர்கள் சாலை ஓரத்தில் காத்திருப்பார்கள். எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரிப் புழுதியில், ஏ.சி. இல்லாத காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு நீ அப்படிக் காத்திருப்பதை எண்ணினால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நம் பக்கத்துக் கடற்காற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசிமேட்டிலிருந்து வந்த வண்டிகளுக்கு டிங்கரிங் செய்த பில்கள்தான் எங்கள் கணக்கில் மிகுதி. மூடிய நிறுத்துமிடம் இல்லாமல் தெருவில் நிற்கும் ஹெரால்டின் அடிச்சட்டம் இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் துருவேறிவிடும். வெளியே பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கியிருந்தாலும் அடியில் படுத்து ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பார்க்காமல் யாரும் பணம் கொடுக்கக் கூடாது.

ஆவணங்களையும் பார்த்துவிடு. 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், 20 ஆண்டைக் கடந்த காருக்கு 2025 முதல் அந்தக் கட்டணம் 10,000 ரூபாய். இன்னொன்றைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். 50 ஆண்டு கடந்த காரை 2021-இல் வந்த விதியின்படி விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், நாள்தோறும் ஓட்டுவதற்கு அனுமதி இல்லை. உன் நண்பர் காட்டும் வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பேச்சையே தொடங்காதே.

இவ்வளவும் சொன்னதால் ஐ20 என் லைனுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறேன் என்று எண்ணாதே. 998 சிசி டர்போ எஞ்சின், 120 குதிரைத்திறன், ஆறு கியர் கொண்ட மேனுவல், ஆறு காற்றுப்பை. இரண்டு கார்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இதையே எடு என்பேன். கண்டெய்னர் லாரியைத் தாண்டும்போது அந்த வேகம் பயனுள்ளதும்கூட. ஆனால் அதன் அடிப்பகுதி சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமாக அமைக்கப்பட்டது. லாரிகள் குழிபறித்த சாலையில் அந்த இறுக்கம் இடுப்பில் தெரியும். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன், எடை குறைந்த கார் ஒன்றையும் ஓட்டிப் பார். 2024-இல் வந்த ஸ்விஃப்ட் 82 குதிரைத்திறன்தான். ஆனால் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, ஆறு காற்றுப்பையும் வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.பி.யும் எல்லா வகையிலும் உண்டு, திரும்ப 9.6 மீட்டர் போதும். எடை குறைந்த வண்டியில், குறைந்த திறன் கொண்ட எஞ்சினை நன்றாக உழைக்க விட்டு ஓட்டும்போது, ஹெரால்டில் அப்பா தேடும் அந்தச் சுவையின் பெரும்பகுதி 40 கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைத்துவிடும். உனக்கு அதுவே பிடிக்கும் என்று நான் நம்புகிறேன். எதை எடுத்தாலும் மேனுவல் கியராக எடு. நெரிசலில் இடது கால் வலிக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் நீ கேட்கும் மகிழ்ச்சியில் பாதி அந்தக் கியர் கம்பியில்தான் இருக்கிறது.

ஹெரால்டை முழுவதுமாக மறந்துவிடு என்று சொல்லவில்லை. தினசரிக்கு ஒரு கார் வந்து நின்றபின், மூடிய ஷெட்டுக்கு இடம் பார்த்தபின், ஞாயிற்றுக்கிழமைக்கென்று அதை வாங்கினால் நானே சேமிப்பிலிருந்து ஒரு பகுதி தருவேன். அப்பாவுக்கும் வேலை இருக்கும், பாகங்களுக்குப் புதுப்பேட்டையில் அலைந்தாலும் அவசரம் இருக்காது.

நீ வரும் சனிக்கிழமையன்று டெஸ்ட் டிரைவுக்குச் சொல்லி வை. ஷோரூமைச் சுற்றிலும் உள்ள நல்ல சாலையில் ஓட்டிவிட்டுத் திரும்பாமல், எர்ணாவூரைத் தாண்டி மணலி புதுநகர் வரை கேட்டு ஓட்டு. லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் எவ்வளவு நேரம் சிரமமில்லாமல் ஊர்கிறது, குழியில் இறங்கும்போது ஸ்டியரிங் எப்படி இருக்கிறது என்று கவனி. நான் பின் இருக்கையில் உட்கார்ந்து வருகிறேன். அப்பாவுக்கு இப்போது முழங்கால் மடக்க முடியவில்லை; பின்கதவு அவருக்குப் போதுமான அளவு அகலமாகத் திறக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம். ஹெரால்டின் ஆர்.சி. நகல் கிடைத்தால் அதற்கு முன்பே எனக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா