குளத்தை வரைந்து குளத்திலேயே கழுவினார்கள்

ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்ச் சுவர் ஒன்றில் அண்மையில் 'இயற்கையைக் காப்போம்' என்று பெரிதாக ஓவியம் தீட்டினார்கள். மருதமரம், மீன்கொத்தி, குளம் நிறையத் தாமரை. 2019 கடைசியில் இலங்கை முழுவதும் இளையோர் சுவர்களில் வரைந்தார்களே, அந்த உற்சாகம் இன்னும் குறையவில்லை. சரி, நல்ல விஷயம்தான். மீன்கொத்தியின் கழுத்து வெள்ளையைக்கூட ஒருவர் பொறுமையாக இழைத்திருந்தார்.

பின்னேரம் வயலுக்குப் போகையில் பார்த்தேன். தூரிகைகளையும் பெயின்ற் வாளிகளையும் குளத்தின் துருசடி (மதகடி) வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீலம் பாலாடைபோலத் திரண்டு நாற்று மேடைப் பக்கம் போனது. வெறும் நிறம்தானே என்றார் ஒரு தம்பி. அக்ரிலிக் பெயின்ற் என்பது நீரில் நுண்துகளாகக் கலந்த பிளாஸ்ரிக் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒரு பழைய வாளியில் கழுவி, அடியில் மண்டியைப் படியவிட்டு எடுத்திருந்தால் பாதிச் சிக்கல் இல்லை.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்துவந்து விளக்கேற்றுகிற வன்னி இது. தண்ணீரை எப்படிக் கையாள வேண்டும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொன்று: அந்தச் சுவருக்கு நேரெதிரே நின்ற நிஜ மருதை வீதி அகலிப்புக்காகத் தறித்தபோது ஒரு ஓவியரும் வாய் திறக்கவில்லை. அடிக்கட்டை இன்னும் கிடக்கிறது. அடுத்த முறை வரைய வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்