பழைய ஃபைல் ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்கள் அடுத்து என்ன படிக்கலாம் என்று நீங்கள் வெளியிட்ட பக்கங்களில் ஏற்றுமதித் தொழிலும் பன்னாட்டு வணிகமும் இடம்பெற்றதில் மகிழ்ச்சி. எந்தக் கல்லூரி, என்ன கட்டணம் என்பதெல்லாம் சரி. ஆனால் கல்லூரிக்குப் போவதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்யலாம் என்று ஒரு வரிகூட இல்லை. திருப்பூரில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்பிங் டாக்குமெண்ட் வேலை பார்த்தவன் நான். அந்த ஒரு வரியை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பாடம் இல்லாமல் இல்லை. பதினோராம் வகுப்பு வணிகவியல் புத்தகத்திலேயே பன்னாட்டு வணிகமும் ஏற்றுமதி நடைமுறையும் இருக்கின்றன. என் பேத்தி மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். போன மாதம் வீட்டில் கிடந்த பழைய பில் ஆஃப் லேடிங் நகல் ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். "என்ன தாத்தா இது, லாரி ரசீதா?" என்றாள். கேள்வியில் தப்பில்லை. கப்பல்காரர் தருகிற ரசீதுதான் அது. ஆனால் சரக்கு யாருக்குச் சொந்தம் என்பதும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது என்றேன். "ஆமா, அதைப் பரீட்சையில எழுதினேனே!" என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

இந்த ஊரில் ஏற்றுமதிக் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. முடிந்துபோன ஆர்டர்களின் ஃபைல்கள், ஆடிட்டர் சொன்ன காலம் கழிந்ததும் எடைக்குப் போகின்றன. அதில் ஒன்றே ஒன்றை, பையர், அதாவது வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரையும் விலையையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்தால் என்ன? பர்ச்சேஸ் ஆர்டரில் ஆரம்பித்து இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துறைக்குக் கொடுக்கிற ஷிப்பிங் பில், எல்.சி. (பணத்துக்குப் பையரின் வங்கி தருகிற உத்தரவாதக் கடிதம்) நகல் என்று ஒரு டி-ஷர்ட்டின் பயணம் முழுக்க அதற்குள் இருக்கும். ஒரு சனிக்கிழமை ஷிப்பிங் கிளார்க் ஒருவர் போய் உட்கார்ந்து பிரித்துக் காட்டினால் போதும்.

பின்னல் துணியில் தைத்த டி-ஷர்ட்டுக்கு உலகம் முழுக்கச் சுங்கப் பட்டியலில் 6109 என்ற தலைப்பு எண்தான் என்று தெரிந்த பிள்ளை, தான் போட்டிருக்கும் பனியனை வேறு கண்ணோடு பார்க்கும். எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால் கப்பலில் ஏற்றும் வரைதான் நம் பொறுப்பு என்பதும் விளங்கும். எல்.சி. வழியாகப் பணம் வரும்போது வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும்தான். துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இன்வாய்ஸில் சரக்கின் பெயர் எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் பணம் நின்றுவிடும்.

தேதி விஷயம் தனிக்கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அமெரிக்க ஆர்டர் ஒன்றில் 07/08 என்று ஷிப்மென்ட் தேதி இருந்தது. நான் ஆகஸ்ட் 7 என்று குறித்து வைத்தேன். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அது ஜூலை 8. ஜூன் கடைசியில்தான் தெரிந்தது. ராப்பகலாகத் தைத்தும் பாதிச் சரக்கு விமானத்தில்தான் போனது, எங்கள் செலவில். முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இதைப் பள்ளியிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு மொத்தம் 50 சதவீதம் கூடுதல் வரி போட்டபோது இங்கே டீக்கடையில் எல்லாம் அதே பேச்சு. வரியைக் கட்டுகிறவர் அங்கே இறக்குமதி செய்கிறவர்தானே, அப்புறம் இங்கே ஏன் ஆர்டர் நிற்கிறது, விலையைக் குறைக்கச் சொல்லி ஏன் மெயில் வருகிறது? வகுப்பில் இந்த ஒரு கேள்வியைப் போட்டாலே ஒரு வாரம் பாடம் ஓடும்.

ஆங்கிலம் பேச வராதே என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். எங்கள் வேலையில் பேச்சைவிட மெயில்தான் அதிகம். இங்கே ராத்திரி ஏழரை மணி ஆகும்போது, கோடையில் நியூயார்க்கில் காலை பத்து. தெளிவாக நாலு வரி எழுதத் தெரிந்தால் முதல் வருஷத்தை ஓட்டிவிடலாம். மற்றது தானாக வரும்.

ரேட் வெளியே போய்விடும் என்று முதலாளிகள் தயங்குவார்கள், தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொடுக்க மனசிருந்தால் கறுப்பு மார்க்கரோடு நானே வந்து, அவர்கள் முன்னாலேயே ஒவ்வொரு பக்கமாக அடித்துத் தருகிறேன். சனிக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்பிங் கிளார்க்,
திருப்பூர்.