இன்னொரு பெட்டியை விற்பதற்கு முன்: வேட்டை போர்டு கேம் வெளியீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர்களுக்கும் வெளியீட்டாளர்களுக்கும்,

வணக்கம். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பெரிய விலங்கை வேட்டையாடி, அதன் எலும்பிலும் தோலிலும் கவசம் செய்துகொண்டு, அடுத்த வாரம் அதைவிடப் பெரிய விலங்கைத் தேடிப் போகிற விளையாட்டுகளைச் செய்து விற்கிறீர்கள். அவற்றை வாங்கி ஆடுபவர்களில் நான் ஒருவன். உங்களிடம் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. எக்ஸ்பான்ஷன் பெட்டி, அதாவது அடிப்படை ஆட்டத்தோடு தனியாக வாங்கிச் சேர்க்கும் கூடுதல் பெட்டி, ஒவ்வொன்றும் ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில், எதற்குப் பதிலாக உள்ளே வர வேண்டும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். அந்தப் பெட்டி எங்களுக்குத் தேவைப்படும் காலத்தில் கடையிலும் கிடைக்கட்டும். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

ஆடம் பூட்ஸ் உருவாக்கிய 'கிங்டம் டெத்: மான்ஸ்டர்' 2015-இல் வெளிவந்தது. இருட்டில் நாலு பேர் கண்விழிக்கிறார்கள். இடுப்பில் ஒரு துணி, கையில் ஒரு கல், எதிரே வெள்ளைச் சிங்கம். அந்தக் கல்லை வீசினால் அடி நிச்சயமாகப் படும், அதுவும் கிரிட்டிகல் எனப்படும் கடும் காயமாக. ஆனால் கல் போய்விடும். ரூல்புக்கைத் தொட்டே பார்க்காத நண்பனைக்கூட இந்த ஒரு முடிவை எடுக்கச் சொன்னால் போதும், இது எப்படிப்பட்ட ஆட்டம் என்று பிடிபட்டுவிடும். தப்பிப் பிழைத்தவர்கள் ஒரு குடியிருப்பை அமைக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு 'விளக்கு ஆண்டும்' (ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு அதுதான் பெயர்) வேட்டைப் பயணம், சண்டை, குடியிருப்பு என்று மாறி மாறி நகர்கிறது.

சண்டையின் நடுவில் இருக்கும் கார்டுக் கட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிங்கம் யாரைப் பார்த்துப் பாயும், எப்படிக் கடிக்கும் என்பதை முடிவு செய்யும் கட்டுதான் சிங்கத்தின் உயிரும். ஒவ்வொரு காயத்துக்கும் அதிலிருந்து ஒரு கார்டு கழிகிறது. கட்டு சுருங்கச் சுருங்க, மிச்சமிருக்கும் சில கார்டுகளே திரும்பத் திரும்ப வரும். அதனால் சண்டையின் கடைசியில் அந்த மிருகத்தின் குணம் நமக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ஒரு விலங்கை அறிந்துகொள்வதையும் அதைக் கொல்வதையும் ஒரே கட்டில் வைத்தது பெரிய விஷயம். இதற்காக எத்தனை பாராட்டினாலும் தகும்.

பெயர் வைக்கும் விதியும் அப்படித்தான். புதிதாக வரும் ஆளுக்குப் பெயர் சூட்டினால் பிழைப்புப் புள்ளி ஒன்று கூடுதல். எங்கள் மேசையில் செங்கோடி, மாடசாமி, குந்தவை என்று வரிசையாகப் பிறந்தார்கள், வரிசையாகச் செத்தார்கள். மாடசாமி செத்தது சண்டையில்கூட இல்லை. வேட்டைக்குப் போகிற வழியில், பத்துப் பக்கப் பகடை சரியாக விழாததால். இரண்டு வாரம் அதையே பேசிச் சிரித்தோம். செத்தவர்களைப் புதைப்பதா, தின்பதா என்று குடியிருப்பு ஒரு கட்டத்தில் முடிவெடுத்தாக வேண்டும். அதற்கு நடந்த விவாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். (ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கிங்டம் டெத்தின் ஓவியங்களில் பாதியை வீட்டுப் பெரியவர்கள் இருக்கும் கூடத்தில் விரிக்க முடியாது. தனியாக விற்கும் அரைநிர்வாணப் பொம்மைகள் இந்த நல்ல ஆட்டத்துக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து.)

சரி, எக்ஸ்பான்ஷனுக்கு வருவோம்.

அடிப்படைப் பெட்டியில் வேட்டையாட மூன்று விலங்குகள்: வெள்ளைச் சிங்கம், அலறும் மான், ஃபீனிக்ஸ். இவை போக புட்சர், கிங்ஸ் மேன், ஹேண்ட் போன்ற எதிரிகள் தாங்களாகவே குடியிருப்பைத் தேடி வருவார்கள். அவர்கள் வரும் ஆண்டில் நாம் வேட்டைக்குப் போக முடியாது. இருபதாம் ஆண்டில் வாட்சர், பின்னால் வந்த 1.5 பதிப்பில் இருபத்தைந்தாம் ஆண்டில் கோல்ட் ஸ்மோக் நைட் என்ற கடைசி எதிரி. ஆக, நமக்குக் கிடைக்கும் வேட்டைகள் எண்ணி வைத்தவை. ஒரு கவசம் முழுமையாக வேண்டுமென்றால் தலை, கை, மார்பு, இடுப்பு, கால் என ஐந்து துண்டும் ஒரே வகையில் சேர வேண்டும். சேர்ந்தால்தான் அதற்கான தனிப் பலன். அதையும் நாலு பேருக்குச் செய்ய வேண்டும். ஒரே விலங்கைத் திரும்பத் திரும்பக் கொன்றால்தான் இது நடக்கும்.

இந்தக் கணக்கில் கோர்ம் என்ற எக்ஸ்பான்ஷன் விலங்கைச் சேர்க்கிறோம். அப்புறம் ஸ்பிடிக்யூல்ஸ் என்ற சிலந்தி, ஃபிளவர் நைட், டங் பீட்டில் நைட், சன்ஸ்டாக்கர், டிராகன் கிங். எல்லாம் அழகான விலங்குகள், ஒவ்வொன்றுக்கும் புதிய பட்டறை, புதிய ஆயுதங்கள், புதிய கதை. ஆனால் ஆண்டுகள் மட்டும் கூடவில்லை. இலை அதே அளவுதான், பந்தியில் பதார்த்தம் மட்டும் இரண்டு மடங்கு. சிங்கத்தோல் இரண்டு, கோர்ம் எலும்பு ஒன்று, சிலந்திப் பட்டு மூன்று என்று பெட்டியில் கிடக்கும். ஒருவருக்கும் முழுக் கவசம் அமையாது. எந்த விலங்கையும் நன்றாக அறிந்துகொள்ளும் அளவுக்குச் சந்திக்கவும் மாட்டோம். மேலே புகழ்ந்த அந்தக் கார்டுக் கட்டின் அருமையே இதில் காணாமல் போகிறது. முதல் சந்திப்பில் எல்லா மிருகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூன்றாவது சந்திப்பில்தான் அதன் சூட்சுமம் விளங்கும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும் சிறந்த ஆயுதத்தை மட்டும் பொறுக்கியெடுத்துக்கொள்ளும் ஆட்டக்காரன் எல்லாக் கூட்டத்திலும் ஒருவன் இருப்பான். பெட்டி கூடக் கூட அவன் பலமும் கூடும். பழைய சிங்கம் பாவம், வந்த வேகத்தில் விழும். பயம் போய்விட்டால் இந்த வகை ஆட்டத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

உங்களில் சிலருக்கு இது தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்பிடிக்யூல்ஸ் வந்தால் அலறும் மான் வெளியே போக வேண்டும் என்று அதன் ரூல்புக்கே சொல்கிறது. ஸ்லெண்டர்மேன் என்ற எக்ஸ்பான்ஷன் எதிரி வந்தால் கிங்ஸ் மேனுக்கு ஓய்வு. டிராகன் கிங்குக்கும் சன்ஸ்டாக்கருக்கும் தனித்தனிக் கேம்பெயினே (பல நாள் தொடர்ந்து ஆடும் முழுக் கதை) உண்டு. பிற்பாடு கேம்ப்ளர்ஸ் செஸ்ட் என்ற பெரிய எக்ஸ்பான்ஷனில் 'நோட்' என்ற முறை வந்தது. எளிதான விலங்குகள் முதல் நோட், அடுத்த நிலை இரண்டாம் நோட் என்று பிரித்து, ஒவ்வொரு நோடிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆடலாம். வெள்ளைச் சிங்கமா, கோர்மா, க்ரிம்சன் க்ரோகடைலா? ஒன்றைச் சொல், மற்றவை அலமாரியிலேயே இருக்கட்டும். எனக்குத் தெரிந்து எக்ஸ்பான்ஷன் விஷயத்தில் இந்த வகை ஆட்டங்களில் நடந்த மிக நல்ல காரியம் இதுதான். ஒரு பெட்டி உள்ளே வரும்போது இன்னொன்று வெளியே போகிறது, வேட்டைகளின் எண்ணிக்கையும் மாறாது, அடுத்த கேம்பெயினும் புதிதாக இருக்கும். இதே யோசனை முதல் நாளிலிருந்தே எல்லாப் பெட்டியிலும் இருந்திருந்தால் எத்தனையோ கூட்டங்கள் பாதிக் கேம்பெயினில் களைத்து விட்டிருக்காது.

ஸ்டீம்ஃபோர்ஜ்டு கேம்ஸ் கேப்காமின் வீடியோ கேமை வைத்துச் செய்த 'மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டு' போர்டு கேமும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. 2021-இல் கிக்ஸ்டார்ட்டரில் (ஆட்டம் தயாராகும் முன்பே மக்களிடம் பணம் திரட்டும் இணையதளம்) வந்தது. ஏன்ஷியன்ட் ஃபாரஸ்ட், வைல்ட்ஸ்பயர் வேஸ்ட் என்று இரண்டு அடிப்படைப் பெட்டி. ஒவ்வொன்றிலும் நாலு விலங்கு, நாலு வேட்டைக்காரர். சண்டையில் பகடையே கிடையாது. நாம் போடும் கார்டு நம் மூச்சையும் குடிக்கும், அடியையும் தீர்மானிக்கும். வாளை மேம்படுத்தினால் சேதக் கட்டில் பழைய கார்டு போய்ப் புதியது வரும். தோற்றாலும் அது பகடையின் குற்றமில்லை என்பதால் திட்ட ஆள் இல்லை. அது ஒன்றுதான் குறை. இதில் கேம்பெயினுக்கு இருபத்தைந்து நாள். வேட்டைக்குப் போனால் நாள் கழியும். நெர்கிகான்டே, டியோஸ்ட்ரா, குஷாலா டாவோரா என்ற பெரிய பெட்டிகளை வாங்கி வைத்தாலும் நாள் கணக்கு நீளாது. ஆனால் ஹன்டர்ஸ் ஆர்சனல் வேறு ரகம். அதில் புதிய விலங்கு இல்லை, மிச்சமிருந்த ஆறு ஆயுத வகைகள் இருக்கின்றன. அன்ஜனாத் என்ற அதே பழைய விலங்கை இன்னொரு ஆயுதத்தோடு சந்தித்தால் அது வேறு சண்டை. கேம்பெயினின் நாட்களைத் தின்னாமல் ஆட்டத்தை விரிக்கிற பெட்டி என்றால் இதுதான். இதைப்போல இன்னும் செய்யுங்கள்.

இனி விற்கும் முறை. கிங்டம் டெத் 2012 இறுதியில் கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தபோது கேட்டது 35,000 டாலர். சேர்ந்தது 20 லட்சம் டாலருக்கு மேல். 2016 இறுதியில் மறுபடி வந்தபோது 1.2 கோடி டாலருக்கு மேல். அப்போது பணம் கட்டியவர்கள் கேம்ப்ளர்ஸ் செஸ்டுக்காக ஏறத்தாழ ஏழு ஆண்டு காத்திருந்தார்கள். காத்திருப்பதுகூடப் பரவாயில்லை. ஒரு வேட்டைகூட ஆடாதவனிடம் எல்லாப் பெட்டியையும் ஒரே மூச்சில் விற்பதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடிப்படைப் பெட்டியே 400 டாலரை ஒட்டிய விலை. அவனுக்கு ஆட்டம் பிடிக்குமா, கூட்டம் சேருமா, ஒன்றும் தெரியாது. 'இப்போது வாங்காவிட்டால் அப்புறம் கிடைக்காது' என்ற பயத்தில் வாங்குகிறான். அந்தப் பயம் வீண் இல்லை. பல எக்ஸ்பான்ஷன்கள் தீர்ந்துபோய், பழைய பெட்டியை வைத்திருப்பவர் சொன்னதே விலை என்றாகிவிடுகிறது. நான் பணம் கட்டிய வேறொரு வேட்டை ஆட்டத்தில், எல்லாம் முடிந்து நெடுநாள் கழித்து அனுப்பும் செலவுக்கென்று இன்னொரு தொகை கேட்டார்கள். பெயர் வேண்டாம். அந்த ஆட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த முறை அவர்களிடம் முன்பணம் கட்ட மாட்டேன்.

என்ன செய்யலாம்? முதல் திரட்டலில் அடிப்படைப் பெட்டியை மட்டும் விற்கலாம். மக்கள் ஒரு கேம்பெயினை முடிக்கும் அளவுக்கு அவகாசம் கொடுத்து, அப்புறம் எக்ஸ்பான்ஷன்களைக் கொண்டுவரலாம். ஒரே தடவையில் பணம் புரள வேண்டும் என்ற உங்கள் நெருக்கடி புரிகிறது. அச்சு, கப்பல், கிடங்கு எல்லாம் சும்மா வராது. ஆனால் ஆடி முடித்துவிட்டு 'இன்னொரு விலங்கு வேண்டும்' என்று வருகிறவன் அதைத் திறந்து ஆடுவான், நண்பனுக்கும் சொல்வான். மூடிய பெட்டியால் யாருக்கும் விளம்பரம் கிடைக்காது.

பிளாஸ்டிக் பற்றியும் கொஞ்சம். எனக்கு மினியேச்சர், அதாவது சின்னப் பிளாஸ்டிக் பொம்மைகள், ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் பிடிக்கும். கிங்டம் டெத்தின் துண்டுகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, ஒரு சிங்கத்தை நிற்க வைப்பதே ஒரு தனி சுகம். ஆனால் என் கூட்டத்தில் மற்ற மூவருக்கும் அது தண்டனை. 'ஓத்ஸ்வோர்ன்' என்ற இன்னொரு வேட்டை ஆட்டத்தை அட்டை உருவங்களோடும் வாங்கலாம், மினியேச்சர்களோடும் வாங்கலாம். பகடை பிடிக்காதவர் கார்டை உருவலாம். மேசையில் நடக்கும் கதை இரண்டிலும் ஒன்றுதான். எக்ஸ்பான்ஷனையும் அப்படி விற்றால், கார்டும் அட்டையும் மட்டும் உள்ள சிறிய பெட்டியை முதலில் வாங்கி, விலங்கு பிடித்துப்போனால் அப்புறம் பிளாஸ்டிக்கை வாங்குவேன். உங்களுக்கு இரண்டு விற்பனை, எனக்கு ஒரு அலமாரி மிச்சம்.

சின்னச் சின்னதாய் இன்னும் சில. எக்ஸ்பான்ஷன் கார்டின் மூலையில் அடையாளக் குறி கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கட்டும். ஆட்டம் முடிந்தபின் பிரித்து அடுக்கவே அரை மணி நேரம் ஆகிறது. திருத்தங்களை ஒரே கோப்பாக, தேதியோடு வெளியிடுங்கள். பெட்டிக்குள் ஸ்லீவ் (பாதுகாப்பு உறை) போட்ட கார்டுக்கும் இடம் விடுங்கள், எல்லோரும் போடுகிறார்கள்.

எங்கள் கூட்டம் சீக்கிரமே புதிய குடியிருப்பைத் தொடங்கப் போகிறது. நோட் முறையில்தான். முதல் நோடில் கோர்ம் என்று ஒருமனதாக முடிவாகிவிட்டது, யானையும் கைக்குழந்தையும் கலந்தது போன்ற அந்த உருவத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு இது. இரண்டாம் நோடுக்கு ஸ்பிடிக்யூல்ஸா, அலறும் மானா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. ஒருவர் சிலந்தி என்றாலே மேசையை விட்டு எழுந்துவிடுவேன் என்கிறார். பெட்டியின் மேல் அதையும் அச்சிட முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
மாடசாமியை இழந்த குடியிருப்பிலிருந்து ஒருவன்