கெட்டில் வாங்கும் முன் அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் ஐயா, வணக்கம்.

பந்திங்கில் எங்கள் தாமானில் மட்டும் இந்த வருடம் நான்கு வீட்டில் கூஸ்நெக் கெட்டில் வாங்கிவிட்டார்கள். கொக்குக் கழுத்து மாதிரி வளைந்து மெல்லிய மூக்கு வைத்த மின்சாரக் கெட்டிலைத்தான் சொல்கிறேன், வடிதாளில் கோப்பித்தூளைப் போட்டு மேலே மெதுவாகச் சுடுநீர் ஊற்றுவதற்கு உள்ளது. அந்த நான்கில் இரண்டு இப்போது சிங்க் அடியில் கிடக்கின்றன. ஒன்று கை தாங்காத கனம், இன்னொன்று கொதிக்கும்போதெல்லாம் மூக்கு வழியாகத் தெறித்து ஒரு தடவை கையையே சுட்டுவிட்டது. வாங்கியவர்கள் நிறத்தையும் மரக் கைப்பிடியையும் பார்த்து வாங்கினார்கள், வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை. ஆண்டுக் கடைசி மலிவு விற்பனை வரப்போகிறது, அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மா நாற்றங்காலில் வேலை செய்தார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். கறுப்புப் பாலித்தீன் பையில் செம்பனை நாற்று நிற்கும், டின்னில் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் மண்ணில் குழி விழுந்து வேர் தெரியும், தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிப் பையின் ஓட்டை வழியே வெளியே போய்விடும், மறு பக்கத்து மண் காய்ந்தே கிடக்கும். "பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துற மாதிரி ஊத்து" என்பார் அம்மா. இந்தக் கெட்டிலின் வேலையும் அதேதான். சாதாரணக் கெட்டிலின் அகல வாயிலிருந்து தண்ணீர் பொத்தென்று விழுந்தால் கோப்பித்தூளில் குழி விழும், தண்ணீர் அந்தக் குழி வழியாகவே இறங்கிவிடும், ஒரு பக்கத் தூள் சாறெல்லாம் போய்க் கசக்கும், மறு பக்கத் தூள் பாதிதான் நனையும். அதனால்தான் ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருகிறது.

சரி, வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மூக்கை அல்ல, பிளக்கை. என் முதல் கெட்டில் இணையத்தில் வாங்கியது. இரண்டு முள் பிளக்கோடு ஒரு சின்ன அடாப்டரும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். பொருளின் தரத்தைச் சோதிக்கும் சிரிம் அமைப்பின் முத்திரை எங்கும் இல்லை. மூன்றாவது வாரம் சமையலறையில் பிளாஸ்டிக் வாடை, போய்ப் பார்த்தால் அடாப்டரின் ஓரம் மெழுகு மாதிரி இளகியிருக்கிறது. அன்றைக்கு வீட்டில் நான் இல்லாமல் பேரன் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். விற்றவருக்கு மூன்று முறை எழுதினேன், பதிலே இல்லை. நம் மலேசியாவில் விற்கும் மின்சாரக் கெட்டிலில் சிரிம், எரிசக்தி ஆணையம் இரண்டின் பெயரும் போட்ட வில்லை ஒட்டியிருக்க வேண்டும், மூன்று முள் பிளக் இருக்க வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி வருவதும் உண்டு. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நம் வீட்டில் 230லிருந்து 240. 120 வோல்ட்டுக்குச் செய்த 1200 வாட் கெட்டிலை நம் சுவரில் செருகினால், வோல்ட் இரண்டு மடங்காவதால் அது இழுக்கும் சக்தி நான்கு மடங்காகும், அதாவது 4800 வாட். நம் பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் பியூஸ் தாங்குவதே சுமார் 3000 வாட்தான். அடாப்டர் முள்ளைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. எவ்வளவு ஆசையாக வாங்கி வந்திருந்தாலும் செருகாதீர்கள்.

அப்புறம் கனம். 900 மில்லி கெட்டில் நிறைந்தால் தண்ணீரே ஏறக்குறைய ஒரு கிலோ, அதோடு பாத்திரத்தின் கனம் வேறு. அதை மூன்று நிமிடம் ஒரே உயரத்தில் பிடித்து வட்டம் வட்டமாக ஊற்ற வேண்டும், என் மணிக்கட்டுக்கு அது முடியாது. ஒரு தடவைக்கு ஒரு கோப்பை போடும் வீட்டுக்கு 600 மில்லி தாராளம். ஒரு கோப்பைக்கு 240 மில்லி, வடிதாளை நனைத்துக் கோப்பையைச் சூடாக்க இன்னொரு 150, அவ்வளவுதான். 1000 வாட் இருந்தால் அந்த 600 மில்லி சுமார் மூன்றரை நிமிடத்தில் காய்ந்துவிடும், கரண்ட் செலவும் சில சென்தான்.

மூக்கு பாத்திரத்தின் அடியிலிருந்து கிளம்ப வேண்டும், அப்போதுதான் தண்ணீர் பாதி குறைந்த பிறகும் நூல் பிடித்த மாதிரி விழும். நுனி கொஞ்சம் கீழ்நோக்கி வளைந்திருந்தால் ஊற்றி நிறுத்தும்போது சொட்டு மூக்கின் அடியில் வழியாது. தெறிக்கிற பிரச்சினைக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே போட்டிருக்கும் அதிகபட்ச அளவுக் கோட்டைத் தாண்டி நிரப்புவதுதான். கொதிக்கும்போது பொங்கும் தண்ணீருக்கு உள்ளே இடம் இல்லாவிட்டால் மூக்கு வழியாகத்தான் வெளியே வரும். சிங்க் அடியில் கிடந்த அந்தக் கெட்டிலை நான் எடுத்து வந்து கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிரப்பிப் பார்த்தேன், ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனால் சுட்டுக்கொண்டவருக்கு இன்னும் பயம் போகவில்லை.

சூடு காட்டும் எண் தேவையா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். தேவை. வெறும் சுவிட்ச் வைத்த கெட்டில், ஆவி பட்டு உள்ளே ஒரு உலோகத் தகடு வளைந்தால்தான் அணையும், அதாவது முழுக்கக் கொதித்தால்தான். மூடியைச் சரியாக மூடாவிட்டால் ஆவி வெளியே போய்விடும், அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். வடிகோப்பிக்கு 90லிருந்து 96 டிகிரி என்பது பொதுக் கணக்கு. லேசாக வறுத்த கொட்டைக்கு 94, 95 வைப்பேன், கருக வறுத்ததற்கு 88 வரை இறக்குவேன், இல்லாவிட்டால் நாக்கில் சாம்பல் மாதிரி ஒரு கசப்பு நிற்கும். கேமரன் மலையில் இருக்கும் என் நாத்தனார் 96 வைத்துவிட்டு எண் ஏறவே மாட்டேன் என்கிறது, கெட்டில் பழுது என்று போன் செய்தார். பழுதில்லை, அவர் இருக்கும் தானா ராத்தா உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 93 வைக்கச் சொன்னேன்.

விலை நூற்றுச் சொச்சம் வெள்ளியிலிருந்து அதைப் போல ஆறு மடங்கு வரை போகிறது. முந்நூறு வெள்ளிதான் கையில் இருக்கிறது என்றால் கெட்டிலுக்குப் பாதியும் கையால் சுற்றும் அரைப்பானுக்குப் பாதியும் போடுங்கள். தூள் ஒரே அளவில் இல்லாவிட்டால் எந்த மூக்கும் காப்பாற்றாது. சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கடைத்தூளை இதில் போடாதீர்கள், தாள் அடைத்துக்கொள்ளும், அதற்குத் துணி வடிகட்டிதான் சரி.

நான் போடுவது இப்படி. 15 கிராம் தூள், பொடி உப்பைவிடக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தது. 30 மில்லி தண்ணீரை நடுவிலிருந்து வெளியே சுற்றி ஊற்றிவிட்டு 40 வினாடி சும்மா இருப்பேன். புதுக் கொட்டை என்றால் அப்போது தூள் பணியாரம் மாதிரி உப்பி, மேலே சின்னச் சின்னக் கண் திறந்து மூடும். வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு வெளியேறுகிறது, அது போனால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். பிறகு மூக்கை நான்கு விரல் உயரத்தில் வைத்து, தாளின் ஓரத்தில் படாமல், இரண்டு தடவையாக 240 வரை ஊற்றுவேன். மொத்தம் மூன்று நிமிடம். மீதித் தண்ணீரை அப்படியே விட்டுவைக்காமல் கொட்டிவிட்டு மூடியைத் திறந்து வைப்பேன். கெட்டிலை வைக்கும் மின்சார அடித்தட்டை ஈரத்துணியால்கூடத் துடைப்பதில்லை, காய்ந்த துணிதான்.

கொட்டைக்கு எங்கும் தேட வேண்டாம். நம் நாட்டில் விளைவதில் பெரும்பகுதி லிபெரிக்கா என்ற கோப்பி இனம், எங்கள் குவாலா லங்காட் தாழ்நிலத்திலும் வளர்கிறது. சீனி இல்லாமல் வறுத்ததை வாங்கி ஊற்றினால் பலாப்பழ வாசனை தெளிவாக வரும். 1869ல் இலங்கைக் கோப்பியில் துரு நோய் கண்டது, பிறகு அங்கிருந்து தோட்டக்காரர்கள் இங்கே வந்து கோப்பி போட்டார்கள், 1890களின் கடைசியில் பிரேசில் கோப்பி குவிந்து விலை விழுந்த பிறகுதான் பால்மரம் பரவியது. அதாவது நம்மவர்கள் இங்கே கோப்பிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள். என் அம்மாவோ கடைசி வரை குடித்தது சீனி போட்டுக் கருக வறுத்த தூள்தான், லிபெரிக்காவின் வாசனை அவருக்குத் தெரியாது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் மின்சாரப் பொருள் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கெட்டிலைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல் ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கோப்பையும் போதும். வாங்க வருபவர் நிரப்பித் தூக்கி, ஒரு நிமிடம் நிறுத்தாமல் ஊற்றிப் பார்க்கட்டும். கை நடுங்கினால் சின்னதை எடுத்துக்கொள்வார். மூடியைத் திறந்து மூடட்டும், அடியில் ஒட்டிய வில்லையைப் படிக்கட்டும். இதைக் கேட்டதற்கு ஒரு கடையில் தரை நனையும் என்றார்கள். துடைக்கத் துணி நான் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், வரும் சனிக்கிழமை போகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிராணி,
பந்திங், சிலாங்கூர்.