அமோரிமின் திட்டமும் எங்கள் ஆட்களும்

18 நவம்பர் 2024

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்பதில் நிம்மதி. டாக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்கிறாயா, இல்லை காலை நீட்டிப் போட்டு மேட்ச் மட்டும் பார்க்கிறாயா என்பதை உன் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம். எனக்கு வேலை நேரம் மாறிவிட்டதால் வார இறுதி முழுக்க ஓய்வு. நான் டிவி முன்னால் உட்கார்ந்தாலே மகள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தை இரண்டு வருடமாக என்னோடு பார்த்தவள், அவளைக் குறை சொல்ல முடியாது.

"மூன்று டிஃபெண்டரோடு ஆடப்போகிறீர்களாமே, தாங்குமா?" என்று, எங்களுக்குப் புது மேலாளராக வரும் அமோரிமின் ஆட்டமுறையைப் பற்றிக் கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருந்தாய். நீ செல்சிக்காரன், அந்த ஆட்டமுறையில் இரண்டு முறை கோப்பை பார்த்தவன். நக்கல் செய்ய உனக்கு உரிமை உண்டு. ஆனால் உன் செல்சியை வைத்தே பதில் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் உங்கள் அப்போதைய மேலாளர் கான்ட்டே மூன்று சென்டர் பேக்குகளுக்கு (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்களுக்கு) மாறினார். அடுத்து லீகில் தொடர்ந்து 13 வெற்றி, கடைசியில் 93 புள்ளிகளோடு சாம்பியன். எல்லோரும் அந்த 13-ஐத்தான் பேசுகிறார்கள். அந்த வருடம் செல்சிக்கு ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. வாரம் முழுக்கப் பயிற்சி மைதானத்தில் நின்று, யார் எப்போது எங்கே நகர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க முடிந்தது. ஸ்டோக், வெஸ்ட் ஹாம் என்று வருடத்துக்கு ஒரு கிளப்புக்கு இரவல் போய்க்கொண்டிருந்த விக்டர் மோசஸ், அந்தப் பயிற்சியில்தான் வலது விங் பேக் (ஓரம் முழுக்க மேலும் கீழும் ஓடும் ஆள்) ஆனார்.

டுஹெல் உங்களுக்கு மேலாளராக வந்தது 2021 ஜனவரி கடைசியில், சீசன் நடுவில். மூன்று நாளைக்கு ஒரு ஆட்டம், சொல்லிக்கொடுக்க நேரமே கிடையாது. ஆனால் ரீஸ் ஜேம்ஸ், சில்வெல், அலோன்சோ, அஸ்பிலிகுவேட்டா, தியாகோ சில்வா, ரூடிகர் எல்லோரும் ஏற்கெனவே டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தார்கள். அந்தந்த இடத்தில் நிறுத்தினால் போதும். நான்கே மாதத்தில் சாம்பியன்ஸ் லீக் கோப்பை.

ஆக, கான்ட்டேவுக்கு நேரம் இருந்தது. டுஹெலுக்கு ஆட்கள் இருந்தார்கள். எங்கள் அமோரிமுக்கு இரண்டுமே இல்லை, என் கவலை அதுதான். வரும் 24-ஆம் தேதி இப்ஸ்விச்சில் முதல் ஆட்டம். அங்கிருந்து டிசம்பர் 30 வரைக்கும் எண்ணிப் பார்த்தேன்: 11 ஆட்டங்கள். நடுவில் ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி இரண்டும் அவர்கள் மைதானத்தில். இதில் பயிற்சி எங்கே நடக்கும்? ஒரு ஆட்டத்தின் களைப்பு தீர்வதற்குள் அடுத்ததுக்குப் பஸ் ஏற வேண்டும். சீசன் முடிந்த பிறகு வருகிறேன் என்றுதான் அவரும் கேட்டிருக்கிறார். இப்போதே வா என்றது எங்கள் நிர்வாகம்.

சரி, ஆட்களுக்கு வருவோம். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம் என்பார்கள். முந்தைய மேலாளர் டென் ஹாக் காலத்தில் அப்படித்தான் தோன்றியது. வீரர்களில் பலர் அவர் கேட்டு வாங்கியவர்கள், ஆனால் நடுக்களத்தில் மட்டும் எப்போதும் ஒரு மைதானம் அளவுக்கு வெற்றிடம். முன்னால் நாலு பேர் எதிரணியை நெருக்கிப் பிரஸ் செய்ய ஓடுவார்கள், பின்னால் நாலு பேர் பெனால்டி பாக்ஸை நோக்கிப் பின்வாங்குவார்கள், நடுவில் கசேமிரோ தனியாக நிற்பார். அமோரிமின் 3-4-2-1-க்கு (பின்னால் மூவர், நடுக்களத்தில் இருவரும் ஓரங்களில் இரண்டு விங் பேக்குகளும், அவர்களுக்கு முன்னால் இருவர், முனையில் ஒரு ஸ்ட்ரைக்கர்) வந்தால் கூடம் நிஜமாகவே ஒரு பக்கம் கோணல். ஆனால் எல்லோரும் பயப்படுகிற பக்கம் அல்ல.

பின்வரிசையைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. இந்த மாற்றத்தால் அதிகம் லாபம் பார்க்கப்போவது லிசாண்ட்ரோ மார்ட்டினஸ் என்று நினைக்கிறேன். குள்ளம் என்று வந்த நாளிலிருந்து அவரைக் கிண்டல் செய்கிறார்கள். இடது பக்க சென்டர் பேக்காக நின்றால் நடுவில் உயரமான ஒருவர் காவலுக்கு இருப்பார். இவர் தைரியமாக முன்னேறிப் பந்தைப் பறிக்கலாம், அந்த இடது காலால் நடுக்களத்தைத் தாண்டிப் பாஸ் கொடுக்கலாம். நடுவில் டி லிக்ட். வலப்பக்கம், கால் எலும்பு சரியானதும், யோரோ. அவருக்கு இன்னும் 20 வயதுகூட ஆகவில்லை. மகுவாயர் 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்காக மூன்று பேரில் ஒருவராக ஆடி அரையிறுதி வரை போனவர். கோல்கீப்பர் ஒனானாவும் இன்டர் மிலானில் மூன்று டிஃபெண்டர்களுக்குப் பின்னால் நின்றுதான் 2023 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரை போனார். இந்த ஏற்பாடு அவருக்கு ஒன்றும் புதிதல்ல.

கோணல் இருப்பது ஓரங்களில். இந்த முறையில் விங் பேக்தான் உயிர். பந்து நம்மிடம் இருக்கும்போது இரண்டு விங் பேக்குகளும் ஏறிப்போய் முன்களத்தில் ஐந்து பேர் ஆகிறார்கள். பந்து போனதும் ஓடி வந்து பின்னால் ஐந்து பேர் ஆகிறார்கள். எழுத ஒரு வரிதான், ஓடுகிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். 2021-இல் அமோரிமின் பழைய அணியான போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் 19 வருடம் கழித்து லீகை வென்றபோது வலது ஓரத்தில் பெட்ரோ போரோ, இடது ஓரத்தில் நூனோ மென்டெஸ். அந்த மென்டெஸ் மாதிரி எங்களிடம் யார்? லூக் ஷா இந்த சீசனில் இன்னும் களமிறங்கவே இல்லை. மலாசியா 2023 கோடைக்குப் பிறகு முதல் அணிக்காக ஆடவில்லை. மிச்சம் டாலோட். உழைப்பாளி, ஆனால் வலது கால்காரர். இடது ஓரத்தில் கோட்டுவரை போனாலும் வலது காலுக்கு மாற்றுவதற்காக உள்ளே திரும்ப வேண்டும். அந்த அரை நொடிக்குள் எதிரணி பாக்ஸுக்குள் கூடிவிடும். ஒரு பக்கம் கிராஸ் வராது என்று தெரிந்தால் எதிரணி மேலாளர் என்ன செய்வார் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வலது ஓரம் தேவலாம். மஸ்ராவி இருக்கிறார். எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு: அமாட். சிரிக்காதே. இடது கால் விங்கரை வலது விங் பேக்காக நிறுத்துவதா என்பாய். ஸ்போர்ட்டிங்கில் இதையேதான் ஜெனி கட்டாமோவை வைத்துச் செய்தார் அமோரிம். அவரும் இடது கால்காரர், வலது ஓரத்தில் ஆடுகிறவர். கடந்த ஏப்ரலில் பென்ஃபிகாவை 2-1 என்று ஜெயித்த ஆட்டத்தில் இரண்டு கோலும் அவருடையதுதான். அமாட் கெட்டிக்காரப் பையன், திரும்பி ஓடவும் சலிப்பதில்லை. ஆர்சனலுக்கு எதிராக வேண்டாம், எவர்ட்டனுக்கு எதிராக முயற்சி செய்து பார்க்கலாம்.

அடுத்த தலைவலி நடுக்களம். இருவர்தான், எதிரணியிலோ பெரும்பாலும் மூவர். அந்தக் கணக்கைச் சரிக்கட்ட பக்கவாட்டு சென்டர் பேக் முன்னேற வேண்டும், முன்னால் இருக்கும் இருவர் உள்ளே நெருங்க வேண்டும். யாராவது ஒருவர் ஒரு எட்டு தாமதித்தாலும் அந்த இருவரும் மைதானத்தின் அகலம் முழுவதையும் மூட வேண்டியிருக்கும். கசேமிரோவுக்கும் எரிக்சனுக்கும் 32 வயது. இருவரையும் ஒன்றாக இறக்கினால் அறுபதாவது நிமிடத்துக்கு மேல் நான் டிவியை அணைத்துவிடுவேன். யுகார்ட்டே கட்டாயம் வேண்டும். ஸ்போர்ட்டிங்கில் அமோரிமிடமே இரண்டு சீசன் ஆடியவர், இந்த அணியில் திட்டம் முழுதாகத் தெரிந்த ஒரே ஆள். பந்தைப் பறிப்பார். பறித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம். பக்கத்தில் மைனூ காயம் ஆறி வந்து நின்றால் அந்தக் குறையும் தீரும்.

புரூனோவை அந்த இருவரில் ஒருவராக வைக்கச் சொல்கிறாய். மாட்டேன். அவர் பத்து பாஸில் மூன்றைப் போய்ச் சேர வாய்ப்பில்லாத இடத்துக்கு அடிப்பவர், அந்த மூன்றில் ஒன்றுதான் கோல் ஆகும். அந்தச் சூதாட்டத்தைக் கோலுக்குப் பக்கத்தில் ஆடட்டும். பின்னால் ஒரே ஒரு யுகார்ட்டேவை நிறுத்திவிட்டு ஆட வேண்டாம். (வேடிக்கை என்னவென்றால், புரூனோ ஸ்போர்ட்டிங்கை விட்டது 2020 ஜனவரியில், அமோரிம் அங்கே சேர்ந்தது மார்ச்சில். இரண்டு மாதத்தில் தவறிப்போன சந்திப்பு.)

ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் அந்த இரண்டு இடங்களுக்குத்தான் அடிதடியே. புரூனோ, ரஷ்ஃபோர்ட், கர்னாச்சோ, அமாட், ஆன்டனி, மவுன்ட், சிர்க்சீ. ஏழு பேர்! அணியில் விங்கர்கள் குவிந்து கிடக்கிறார்கள், வருகிறவரோ விங்கரே இல்லாத ஆட்டமுறையோடு வருகிறார். கர்னாச்சோவுக்கு ஓரக்கோட்டில் பந்தை வாங்கி எதிராளியை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். இங்கே அவர் முதுகைக் கோலுக்குக் காட்டிக்கொண்டு நெரிசலுக்குள் பந்து வாங்க வேண்டும். பழகுவாரா என்பது எனக்குச் சந்தேகம். ரஷ்ஃபோர்டுக்குக் கோல் பக்கத்தில் இருப்பது நல்லதுதான், ஆனால் அவர் மனசு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். இந்த ஏழு பேரில் இடத்துக்கு அளவெடுத்தது மாதிரி இருப்பவர் மவுன்ட். 2021 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் ஹாவெர்ட்ஸின் கோலுக்கு அந்தப் பாஸ் கொடுத்தபோது இதே ஆட்டமுறையில் இதே இடத்தில்தான் ஆடினார். உனக்கே தெரியும். உடம்பு மட்டும் ஒத்துழைத்தால்!

ஸ்ட்ரைக்கரைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன், நெஞ்சு வலிக்கிறது. ஹோய்லுண்ட் அட்டலான்டாவில் மூன்று டிஃபெண்டர் அணியில் ஆடியவர், எதிரணி டிஃபெண்டர்களுக்குப் பின்னால் ஓடத் தெரிந்தவர். ஆனால் அவர் ஸ்போர்ட்டிங்கின் ஸ்ட்ரைக்கர் யோக்கெரெஸ் இல்லை. போன லீக் சீசனில் 29 கோல் அடித்த மனிதர் அது. நவம்பர் 5-ஆம் தேதி ஸ்போர்ட்டிங் சிட்டியை 4-1 என்று புரட்டிய ஆட்டத்தைக் காட்டிக் காட்டி இங்கே எல்லோரும் துள்ளுகிறார்கள். நான் முழுதாகப் பார்த்தேன். முதல் பாதி முழுக்கப் பந்து சிட்டியிடம்தான். ஐந்து பேர் பின்னால் நின்று தாங்கினார்கள், பந்து கிடைத்ததும் யோக்கெரெஸை நோக்கி அடித்தார்கள், அந்த ஆள் மூன்று போட்டார், அதில் இரண்டு பெனால்டி. அவரை எடுத்துவிட்டு அதே ஆட்டத்தை யோசித்துப் பார். திட்டத்துக்கு எவ்வளவு பங்கு, அவருடைய தோளுக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் எங்கள் பழைய மேலாளர் வான் ஹாலை மறந்துவிடாதே. 2014-இல் நெதர்லாந்தை மூன்று டிஃபெண்டரோடு உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டு, அதையே எங்கள் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கும் கொண்டுவந்தார். முதல் லீக் ஆட்டத்திலேயே ஸ்வான்சியிடம் 2-1 தோல்வி. அந்த வருடம் எங்களுக்கும் ஐரோப்பா கிடையாது, நேரம் தாராளம். இருந்தும் அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ரசிகர்களே ஸ்டாண்டிலிருந்து "ஃபோர் ஃபோர் டூ" என்று கத்தினார்கள். அவர் பிறகு நான்கு டிஃபெண்டர்களுக்கு மாறி, நான்காவது இடத்தில் முடித்தார். வளைந்து கொடுத்ததால் தப்பித்தார். அமோரிம் வளைகிற ஆள் மாதிரி தெரியவில்லை. ஸ்போர்ட்டிங்கில் இந்த சீசன் லீகில் ஆடிய 11 ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு வருகிறவரிடம் போய் உன் முறையை மாற்று என்று யார் சொல்வது?

மாற்ற வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். 11 ஆட்டத்தில் 12 கோல் அடித்து, 15 புள்ளியோடு 13-ஆவது இடத்தில் இருக்கும் அணி எதைப் பாதுகாக்கப் போகிறது? இப்போதே தோற்றுப் பழகினால், யார் தேறுவார், யாரை விற்க வேண்டும் என்பது கோடைக்குள் தெரிந்துவிடும். டிசம்பர் மோசமாகத்தான் இருக்கும். அப்போது நிர்வாகம் பொறுமையாக இருக்குமா என்பதைத்தான் நான் பார்க்கப்போகிறேன்.

எல்லோரும் காயம் தீர்ந்து வந்தால் என் பதினொருவர்: ஒனானா, யோரோ, டி லிக்ட், மார்ட்டினஸ், மஸ்ராவி, யுகார்ட்டே, மைனூ, டாலோட், அமாட், புரூனோ, ஹோய்லுண்ட். உன்னுடையதை எழுதி அனுப்பு. இடது விங் பேக் யார் என்பதை மட்டும் முதலில் எழுது, மழுப்பக் கூடாது. இப்ஸ்விச் ஆட்டத்துக்கு முன்னால் வந்து சேர வேண்டும். போன வாரம்தான் டாட்டன்ஹாமை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று சாய்த்து சீசனின் முதல் வெற்றியைப் பார்த்திருக்கிறார்கள், ஏமாந்தால் எங்களையும் சாய்ப்பார்கள். என் கணிப்பு 1-1.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்

பி.கு.: மவுன்டை எங்களிடம் தள்ளிவிட்டுப் பணத்தையும் எண்ணிக்கொண்டீர்கள். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை, கவனித்தேன்.