பனிமூட்டத்தில் நனையும் பாலைவனம்

அன்புள்ள கதிரேசனுக்கு,

வரும் ஆகஸ்டில் குடும்பத்தோடு இங்கே வரப்போவதாக நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் துள்ளுகிறது. பாலைவன ஊர்தானே என்று மெல்லிய பருத்தி உடைகளை மட்டும் எடுத்துவைத்துவிடாதே. நமீபியாவின் கடலோர ஊரான இந்தச் சுவாகோப்முண்டில் கம்பளிச் சட்டை இல்லாமல் ஒரு காலையைக்கூடக் கழிக்க முடியாது.

தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா நீரோட்டம் கடலைக் குளிர்வித்துவிடுவதால், அதன்மீது தவழ்ந்து வரும் காற்றின் ஈரம் பனிமூட்டமாகத் திரள்கிறது. ஆனால் அந்தக் குளிர்ந்த காற்று மேலெழும்பி மழைமேகமாக மாறுவதில்லை. அதனால்தான் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 20 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிதாக இருக்கும் ஊரில், காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீடு தெரிவதில்லை. குளிர்காலத்தில் எப்போதாவது கிழக்கிலிருந்து அனல்காற்று மணலை வாரிக்கொண்டு வரும். அன்று சன்னலை அடைத்துவிட்டு வீட்டில் இருப்பதே நல்லது.

இந்தப் பனிமூட்டத்தைச் சலித்துக்கொள்ளும் பயணிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் இங்குள்ள உயிர்களுக்கு அதுதான் தண்ணீர். ஒருநாள் விடியலில் மணல்மேட்டின் உச்சியில் ஒரு கருவண்டைக் கண்டேன். காற்றை எதிர்கொண்டு, தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி அசையாமல் நின்றது. முதுகில் துளித்துளியாகச் சேர்ந்த ஈரம் மெல்ல வழிந்து அதன் வாய்க்கு வந்து சேர்ந்தது. கண்ணிமை இல்லாத பல்லியொன்று தன் விழிகளை நாவால் துடைத்துக்கொள்வதையும் அதே காலையில்தான் பார்த்தேன்.

ஆகவே உன் பிள்ளைகளை முதலில் மணல்மேடுகளின் உயிர்களைக் காட்டும் காலைநேரப் பயணத்துக்கே அழைத்துப் போகலாம். நான்கு சக்கர மோட்டார் வண்டியில் அவர்களுக்கு ஆசை இருந்தால், குறித்த தடத்தை விட்டு விலகாத வழிகாட்டியோடு மட்டும் போகட்டும். சரளைச் சமவெளியில் ஒருமுறை பதிந்த சக்கரத் தடம் பல பத்தாண்டுகள் அழிவதில்லை. பனி ஈரத்தை உண்டு வளரும், நம் கல்பாசியின் உறவான பாசிகள் நசுங்கிப்போகின்றன. கோடையில் டமாரா ஆலா என்னும் சிறு பறவை வெறும் தரையிலேயே முட்டையிடுகிறது. இந்தச் சேதத்தை நேரில் பார்த்தவன் என்பதால் இவ்வளவு வற்புறுத்துகிறேன். மணலில் பலகை வைத்துச் சறுக்குவதற்குத் தடையில்லை.

வால்விஸ் பே காயலில் பூநாரைகள், கேப் கிராஸில் ஆயிரக்கணக்கான கடல்நாய்கள் (நாற்றத்துக்குக் கைக்குட்டை வேண்டும்), வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகளோடு ஆயிரம் ஆண்டுகளையும் தாண்டக்கூடிய வெல்விட்சியா என்னும் செடி ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஒரு நாள் ஒதுக்கிக்கொள். மாலையில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்தின் முனை வரை நடந்து போகலாம்.

தேதி உறுதியானதும் உடனே எழுது. காலைப் பயணத்துக்கு முன்கூட்டியே இடம் பதிந்துவைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் செல்வம்