சோப்பில் என்ன கொழுப்பு? உறையிலேயே சொல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளியல் சோப்புகளில் விலங்குக் கொழுப்பு இருப்பதாகக் கைபேசிக்குக் கைபேசி பரவும் பட்டியல்கள் பலவும் தவறானவை. "அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லாமே தாவர எண்ணெய்தான்" என்று சொல்லப்படும் பதிலும் தவறு. சமய நம்பிக்கைக்காகவோ உயிர்களிடத்து அன்பினாலோ இதைக் கவனித்து வாங்க நினைப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறார்கள். உறையில் எதைப் பார்க்க வேண்டும், உறையே சொல்லாமல் விடுவது எது என்பதை எழுதுகிறோம்.

கொழுப்பும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து வினைபுரிந்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். எந்தக் கொழுப்பானாலும் வினை ஒன்றுதான். நெடுங்காலமாகப் பல நாடுகளில் வழங்கும் கலவை, 80 பங்கு மாட்டுக் கொழுப்புக்கு 20 பங்கு தேங்காய் எண்ணெய். மாட்டுக் கொழுப்பில் உள்ள பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்கள் கட்டிக்கு உறுதி தருகின்றன. சீக்கிரம் கரைந்து போகாமல் காக்கின்றன. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் நுரை தருகிறது. பாமாயிலில் பால்மிடிக் அமிலம் மட்டுமே ஏறக்குறைய 44 சதவீதம் இருப்பதால், மாட்டுக் கொழுப்பின் இடத்தில் அதை வைத்தாலும் சோப்பு கெட்டியாகவே வரும். ஆகவே எது மலிவோ அதை வாங்குவது ஆலைக்கு எளிது. ஒரே பெயரில் விற்கும் சோப்பு ஒரு நாட்டில் தாவர எண்ணெயிலும் இன்னொரு நாட்டில் மாட்டுக் கொழுப்பிலும் தயாராகலாம். பரவும் பட்டியல்கள் பொய்த்துப் போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

உறையைத் திருப்பிப் பாருங்கள். பொருட்பட்டியல் எடை வரிசையில், அதிகம் உள்ளதிலிருந்து தொடங்கும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். முதல் பெயர் 'சோடியம் டாலோவேட்' என்றால் அது மாட்டுக் கொழுப்பில் அல்லது ஆட்டுக் கொழுப்பில் செய்தது. 'சோடியம் லார்டேட்' பன்றிக் கொழுப்பு. ஐரோப்பியப் பட்டியல்களில் லத்தீன் பெயர்களும் வரும்: 'அடெப்ஸ் போவிஸ்' மாட்டுக் கொழுப்பு, 'அடெப்ஸ் சுயில்லஸ்' பன்றிக் கொழுப்பு, 'செரா ஆல்பா' தேன்மெழுகு, 'மெல்' தேன், 'லாக்' பால். சோடியம் கோகோவேட் (தேங்காய்), சோடியம் ஆலிவேட் (ஆலிவ்), சோடியம் பால்ம் கெர்னலேட் (எண்ணெய்ப்பனைக் கொட்டை எண்ணெய்) ஆகியவை ஐயமில்லாமல் தாவரம். டி.எஃப்.எம். என்று சதவீதத்தோடு அச்சிட்டிருப்பதைக் கண்டு விலங்குக் கொழுப்பு என்று அஞ்சுவோர் உண்டு. அது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்பு அமிலத்தின் அளவு; தேங்காய் எண்ணெயில் மட்டுமே செய்த சோப்புக்கும் அந்த எண் உண்டு.

மிக எளிதில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 'சோடியம் பால்மேட்' என்றால் பாமாயில். 'சோடியம் பால்மிடேட்' என்றால் பால்மிடிக் அமிலத்தின் உப்பு. அந்த அமிலம் எண்ணெய்ப்பனையிலிருந்தும் வரலாம், மாட்டிலிருந்தும் வரலாம். அவசரமாகப் படிப்பவர் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்வார். 'சோடியம் ஸ்டியரேட்' என்பதும் இப்படித்தான்.

உண்மையில் டாலோவேட்டைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. அது தன் பெயரைத் தானே சொல்லிவிடுகிறது. சிக்கல், இரு வழியிலும் ஒரே பெயர் பெறும் பொருள்களில்தான். கிளிசரின் முதலாவது. மாட்டுக் கொழுப்பிலிருந்து வந்த கிளிசரினும் தேங்காய் எண்ணெயிலிருந்து வந்த கிளிசரினும் மூலக்கூறு அளவில் ஒன்றே. சோப்பு ஆலைகளும் பயோடீசல் ஆலைகளும் பிரித்தெடுக்கும் கிளிசரின், சுத்திகரித்த பின் எந்தச் சாயலும் இல்லாத தெளிந்த திரவம். விற்பவர் தரும் ஆவணம் ஒன்றைத் தவிர அதன் பிறப்புக்கு எளிய சாட்சி வேறில்லை. ஸ்டியரிக் அமிலம் அடுத்தது. கட்டியை இறுக்கவும், மென்மையானவை என்று விற்கப்படும் காரமற்ற கட்டிகளுக்கு உருவம் கொடுக்கவும் இது கணிசமாகச் சேர்க்கப்படுகிறது. அந்தக் கட்டிகளின் முகப்பில் தேங்காயிலிருந்து எடுத்த நுரைப்பொருளைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் ஸ்டியரிக் அமிலத்தை மூலம் சொல்லாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. இதை நேர்மை என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

சோதனையில் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்கலாம். கொழுப்பு முழுதாகச் சேர்க்கப்பட்ட சோப்பில் ஓரளவு முடியும். சோப்பாக மாறாத எச்சத்தைப் பிரித்தால், விலங்குக் கொழுப்பில் கொலஸ்ட்ரால் மேலோங்கும். தாவர எண்ணெயில் சிட்டோஸ்டெரால் போன்றவை மேலோங்கும். கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகை என்ற ஆய்வகச் சோதனையில் 15, 17 கரியணுக்கள் கொண்ட ஒற்றைப்படை அமிலங்கள் சிறிதளவு தெரிந்தால், அசைபோடும் விலங்கின் கொழுப்பு என்று ஐயப்பட இடமுண்டு. டி.என்.ஏ. சோதனையை நம்ப முடியாது; காரமும் சூடும் அதைச் சிதைத்துவிடும். கிளிசரின் விஷயத்தில் இந்த முறைகள் எதுவுமே உதவாது. எரித்துப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, குளிர்பெட்டியில் வைத்துப் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளுக்கு எந்த மதிப்பும் இல்லை.

சிறிய அளவில் வரும் விலங்குப் பொருள்கள் வேறு: கம்பளி மெழுகான லானோலின், பட்டுப் புரதம், கொலாஜன், தேன், பால், செந்நிறத்துக்காகக் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் (பட்டியலில் 75470 என்ற நிற எண்). கஸ்தூரி மணம் என்று இருந்தால் பதற வேண்டியதில்லை. அது பெரும்பாலும் செயற்கை வேதிப்பொருளே.

முத்திரைகளைப் பார்த்து வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும். 'விலங்குக் கொடுமை இல்லாதது' என்ற முத்திரை, விலங்குகள்மேல் சோதிக்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. மாட்டுக் கொழுப்பு சோப்புக்கும் அது கிடைக்கலாம். ஹலால் முத்திரை இருந்தால் விலங்குப் பொருளே இல்லை என்று பொருளல்ல. முறைப்படி அறுத்த விலங்கின் கொழுப்பு அதில் இருக்கலாம். சைவம் என்பதில் பாலும் தேனும் அடங்கும். வீகன் என்பது ஒன்றே இவை எல்லாவற்றையும் விலக்குகிறது.

சோப்பாக மாறிய பின் அது கொழுப்பே அல்லவே, பிறகென்ன தடை என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இஸ்லாமியச் சட்டத்தில் இதற்கு இஸ்திஹாலா என்று பெயர். ஹனஃபி, மாலிகி மரபுகளில், பொருள் முழுதாக மாறிவிட்டால் அதன் மீதான தீர்ப்பும் மாறும் என்ற கருத்து வலுவானது. ஷாஃபிஈ மரபு இதை மிகச் சில பொருள்களுக்கே ஏற்கிறது. யூத உணவுச் சட்டம் முதன்மையாக உண்பதைப் பற்றியது. ஆகவே உடலுக்குப் போடும் சோப்பைவிடப் பாத்திரம் கழுவும் சோப்பில்தான் அவர்கள் பலரும் கண்டிப்புக் காட்டுகிறார்கள். பசுவைப் புனிதமாகக் கருதும் இந்துவுக்கும், கொல்லாமையைக் கடைப்பிடிக்கும் சமணருக்கும் வேதிவினை ஒரு பதிலே அல்ல. உயிர் போயிற்றா என்பதே அவர்கள் கேள்வி. இதில் நடுவராக அமர எங்களுக்குத் தகுதியில்லை. வேதியியல் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். "முழுதாக மாறிவிட்டது" என்பது எல்லாச் சோப்புக்கும் பொருந்தாது. தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று கையால் செய்யும் சோப்பில் 5 சதவீதம் அளவுக்குக் கொழுப்பைக் காரம் தொடாமல் விடுவார்கள். அது கொழுப்பாகவே தோலில் படுகிறது.

தயாரிப்பாளருக்கு எழுதுபவர்கள் "இது சைவமா?" என்று கேட்டால் "ஆம்" என்று ஒரு வரி வரும், அதனால் பயனில்லை. சோப்பின் பெயர், தொகுதி எண், தயாரான ஆலை ஆகியவற்றைக் குறிப்பிட்டு இப்படிக் கேளுங்கள்: அடிப்படைச் சோப்பு நூடுல்ஸ் (கட்டியாக அச்சிடுவதற்கு முந்தைய சோப்புத் துண்டுகள்) எந்தக் கொழுப்பில் செய்தது? கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் தாவரமா, விலங்கா? அதே எந்திரத்தில் டாலோவேட் சோப்பும் ஓடுகிறதா? வெட்டுத் துண்டுகளும் உடைந்த கட்டிகளும் எதில் திரும்பக் கலக்கப்படுகின்றன? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆலைகளில் கழிவுத் துண்டுகளை அடுத்த கலவையில் சேர்ப்பது இயல்பான நடைமுறை. தாவரச் சோப்பின் துண்டும் கொழுப்புச் சோப்பின் துண்டும் தனித்தனித் தொட்டியில் விழுகின்றனவா என்பதுதான் தெரிய வேண்டும்.

கொழுப்பை விலக்கிப் பாமாயிலுக்குப் போனால் அறச்சிக்கல் தீர்ந்துவிடாது. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காக மழைக்காடு அழிவதும், அதனோடு உராங்குட்டான் வாழிடம் சுருங்குவதும் தெரிந்த செய்தி. காடழிக்காத பாமாயிலை ஊக்குவிக்க 2004-இல் உருவான ஆர்.எஸ்.பி.ஓ. அமைப்பு தரும் சான்றிலும் படிகள் உண்டு. 'மாஸ் பாலன்ஸ்' என்று இருந்தால் சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் கலந்தே வந்திருக்கும், கணக்கு மட்டும் ஈடாகும். 'செக்ரிகேட்டட்' என்றால் தனியே வந்தது.

இரண்டும் வேண்டாம் என்று தாமே சோப்பு செய்பவர்கள் பெருகிவருகிறார்கள். அவர்கள் வழுக்குவது ஓரிடத்தில்: பழைய குறிப்பில் உள்ள மாட்டுக் கொழுப்பை எடுத்துவிட்டு, காஸ்டிக் சோடாவின் அளவை மாற்றாமல் வேறு எண்ணெயை ஊற்றுவது. 500 கிராம் மாட்டுக் கொழுப்புக்குச் சுமார் 70 கிராம் காஸ்டிக் சோடா தேவை. அதே எடை தேங்காய் எண்ணெய்க்கு 91 கிராமுக்கு மேல் வேண்டும். குறைந்தால் கட்டி பிசுபிசுத்து நாளடைவில் சிக்கு நாற்றம் அடிக்கும். ஷியா கொட்டையிலிருந்து எடுக்கும் ஷியா வெண்ணெய்க்கு 64 கிராமே போதும். 70 போட்டால் மிஞ்சிய காரம் தோலை எரிக்கும். பாமாயிலுக்கு மட்டும் ஏறக்குறைய அதே அளவு. மாட்டுக் கொழுப்பும் பாமாயிலும் இல்லாத கலவை ஒன்று: தேங்காய் எண்ணெய் 300 கிராம், ஆலிவ் எண்ணெய் 500, ஷியா வெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. இதற்குக் காஸ்டிக் சோடா 140 கிராம், தண்ணீர் 280 கிராம். 5 சதவீதக் கொழுப்பு மிஞ்சும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஆலிவ் எண்ணெய் மிகுதியாதலால் ஆறு வாரமாவது உலரவிட வேண்டும். அவசரப்பட்டால் கட்டி சீக்கிரம் கரைந்துவிடும்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அமெரிக்காவில் வெறும் சோப்பு அழகுப்பொருள் என்ற வகைக்குள் வராததால், பொருட்பட்டியல் அச்சிடுவதே கட்டாயமில்லை. கட்டாயமுள்ள இடங்களிலும் கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், சோடியம் ஸ்டியரேட், சோடியம் பால்மிடேட் என்ற நான்கு பெயர்களுக்குப் பக்கத்தில் 'தாவரம்' அல்லது 'விலங்கு' என்று போடச் சொல்லும் விதி தேவை. புதிதாக எதையும் ஆராய வேண்டியதில்லை. மூலப்பொருளின் பிறப்பைத் தெரிவிக்கும் ஆவணத்தைச் சரக்கு விற்பவரிடம் ஆலை கேட்டு வாங்கிக்கொள்ள முடியும். வாரத்துக்கு வாரம் சரக்கு மாறுகிறது, உறையை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது என்பது தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடிய நியாயமான தடை. அதற்கும் வழி உண்டு: தொகுதி எண்ணும் தயாரிப்புத் தேதியும் கடைசியில் அச்சாகும் அதே எந்திரத்தில் 'தா' அல்லது 'வி' என்ற ஓரெழுத்தையும் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
சோப்புத் தயாரிப்பை அறிந்த வாசகர்கள்